அங்க ஆர் இருக்கினம்?

பிள்ளை,

நீ போனை எடுக்கவில்லை. குரல்பதிவு அனுப்பினால் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதலாம் என்றால், ஆங்கிலத்தில் எனக்கு வேலை அறிக்கை எழுதத்தான் வரும்: எந்தக் கட்டிடம், எந்த லிஃப்ட், என்ன பழுது, எப்போது சரிவரும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி. எனக்கு அவசரமில்லை. இதை நான் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதைத்தான் கொடுக்கப் போகிறேன். நீ கோபிக்கலாம். ஆனால் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவிலேயே கதவைத் தட்டினால் நாலு வீட்டில் இதே கதை இருக்கும். சூரிச் மாமியும் வாசிப்பார். வாசிக்கட்டும். அவரிடம் சொல்லவேண்டியதை நான் அவரிடமே சொல்லிவிட்டேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். செப்டெம்பர் முடிவில் நீ கிளாஸ்கோவுக்கு வேலைக்குப் போகிறாய். அதற்கு முன் நாங்கள் மூன்று பேரும் ஒரு விடுமுறை போகவேண்டும் என்று நீதான் கேட்டாய். இடத்தையும் நீதான் தெரிந்தெடுத்தாய். அந்தத் திட்டத்தை நான் என் கையில் எடுத்துக் குழப்பினேன். "நீங்களும் அம்மாவும் போட்டு வாங்கோ, நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டு நீ சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாய். நீ வரவேண்டும். இந்தக் கடிதத்தின் நோக்கம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளக்கம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ போனை மேசையில் வைத்து ஒரு படத்தைக் காட்டினாய். இத்தாலியின் வடக்கு மூலையில், டொலமைற் மலைகளுக்கு நடுவில், பதியா என்றொரு பள்ளத்தாக்கு. மேலே வெளிறிய பாறை, அதற்குக் கீழே காடு, அதற்கும் கீழே புல்வெளி. புல்வெளியில் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நாலைந்து பழைய வீடுகள். நான் பார்த்தது மூலையில் தெரிந்த கேபிள் காரை. "இது ஒற்றைக் கேபிளோ இரட்டைக் கேபிளோ?" என்று கேட்டேன். நீ கண்ணை உருட்டினாய். அம்மா கேட்டது வேறு.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"ஒருத்தரும் இல்லையோ? இத்தாலியில உங்கட பக்கத்து ஆக்கள் ஆரோ இருக்கினமெல்லே?" என்று என்னைப் பார்த்தாள்.

"அது பலேர்மோ. அது மற்ற அந்தம்."

"அப்ப ஆரும் இல்லாத ஊருக்கு ஏன் போவான்?"

"அதுக்குத்தான் அம்மா," என்றாய் நீ.

அம்மா புட்டைக் குழைத்தாள். பிறகு உண்மையான கவலையோடு கேட்டாள்: "அப்ப சாப்பாடு ஆர் தருவினம்?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அம்மாவின் கேள்வி பகிடி இல்லை. எங்கள் சனத்துக்கு விடுமுறை என்றால் அது ஒரு ஊர் அல்ல, ஒரு ஆள். நாங்கள் கனடாவுக்குப் போனதில்லை. அம்மாவின் தம்பி வீட்டுக்குப் போனோம். அந்த வீடு தற்செயலாகக் கனடாவில் இருந்தது. பாரிஸுக்கு எத்தனை தரம் போயிருப்போம்! ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட் சாய்வாக ஏறுகிற லிஃப்ட்; அதன் மெசின் அறையை ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும் என்று நான் படிக்கிற காலத்திலிருந்து துடிக்கிறேன். இன்றுவரை பார்க்கவில்லை. அங்கே உன் பெரியம்மா வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெசினைத்தான் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் பின்பக்கம் கழற்றி. நான் போகிற வீட்டிலெல்லாம் ஏதோ ஒன்று எனக்காகக் காத்துக்கொண்டு பழுதாகிக் கிடக்கும். என் டூல்ஸ் பை எங்கள் எல்லா விடுமுறைக்கும் வந்திருக்கிறது. "அதுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுங்கோ அப்பா" என்று நீ ஒருமுறை சொன்னாய்.

அம்மாவைப் பார். விமான நிலையத்தில் விடுமுறைக்குப் போகிற சனத்துக்கு சென்ற் போத்தல் விற்பது அவள் வேலை. அவளுடைய விடுமுறை மற்றவர்கள் வீட்டுக் குசினியில், வெங்காயத்தோடு. உனக்கு ஏழோ எட்டோ வயதில், விடுமுறையில் என்ன பார்த்தாய் என்று படம் வரையச் சொன்னார்கள். நீ ஒரு அறையில் வரிசையாகப் படுத்திருக்கிற பிள்ளைகளை வரைந்தாய், போர்வைக்கு வெளியே கால்கள் மட்டும் தெரிய. ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, இது ஆஸ்பத்திரியா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, ஒஸ்லோ என்றேன்.

நான் இதை நக்கலாக எழுதவில்லை. நீயும் நக்கலாக வாசிக்காதே. நான் பத்து வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன். அக்கா என்றால் உன் சூரிச் மாமி. அப்போது அவருக்கு இப்போதைய உன்னை விட வயது குறைவு. குரோய்டனில் அகதி விண்ணப்பம் பதிகிற அந்தப் பெரிய கட்டிடத்தில், அவர் எங்கள் இரண்டு பேருக்குமாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, நான் லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று வைத்துக்கொள். பிறகு கோலியர்ஸ் வுட்டில் தூரத்துச் சொந்தம் ஒருவரின் முன்னறையில், சோபாவுக்கும் ரிவிக்கும் இடையில் படுத்தோம். அந்த வீடு ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. ஒருவரும் இடமில்லை என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். நாங்கள் ஒருக்களித்துப் படுத்தோம். அப்படி ஒரு நிலத்தில் படுத்து எழும்பின சனத்துக்கு, சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் அறை எடுப்பது கன்னத்தில் அறைவது மாதிரி. அது உனக்கு விளங்கவேண்டும். விளங்கினால் போதும், அதன்படி நடக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஏன் அந்தப் பள்ளத்தாக்கு என்று நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? அம்மாவை ஷிப்டுக்கு இறக்கிவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"மலைதானே வேணும்? நீ போற ஸ்கொட்லாந்தில இல்லாத மலையோ?"

"மலை இல்லை அப்பா. அங்க ஒரு சின்னப் பாஷை இருக்கு. லடின் எண்டு."

நீ விளக்கினாய். ரோமர்கள் மலைக்குள் கொண்டுவந்த பேச்சும் அங்கிருந்தவர்களின் பேச்சும் கலந்து ஒதுங்கி நின்ற பாஷை. ஒருபக்கம் ஜேர்மன், மறுபக்கம் இத்தாலியன், இரண்டு யானைகள். நடுவில் சில பள்ளத்தாக்குகளில் மட்டும் இது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மூன்றையும் படிக்கிறார்கள். ஒரு பெயர்ப்பலகையின் படத்தைக் காட்டினாய். ஒரே ஊருக்கு மூன்று பெயர்.

"இதில எது சரியான பேர்?"

"மூண்டும் சரி."

"அப்பிடி இருக்கேலாது. ஒண்டு மெயின், மற்றது பக்கப்."

"ஐயோ அப்பா! ஊரப்பா அது, ஜெனரேற்றர் இல்லை."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "அங்க கடையில பாண் வாங்க அந்தப் பாஷையைக் கதைக்கினம். ஒருத்தரும் கைதட்டுறேல்லை."

பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். உனக்கு ஆறு வயதில் பட்டுப் பாவாடை கட்டி மேடையில் ஏற்றியதிலிருந்து, நீ தமிழில் வாய் திறந்தபோதெல்லாம் யாராவது கைதட்டினார்கள், அல்லது கன்னத்தைக் கிள்ளினார்கள், அல்லது திருத்தினார்கள். "இஞ்ச பிறந்த பிள்ளை, என்ன வடிவாக் கதைக்குது!" கைதட்டுகிறவர் நல்ல மனதோடுதான் தட்டினார். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற ஆளுக்குக் கைதட்டினால், அந்த ஆள் அடுத்தமுறை தானே எழும்பிப் போய்க் குடிக்கும். அதை நான் அந்தச் சிக்னலில்தான் யோசித்தேன்.

இன்னொன்றும் சொன்னாய். "உங்களையும் அம்மாவையும் நான் தனிய மீற் பண்ணினதே இல்லை அப்பா. எங்க போனாலும் நீங்கள் ஆற்றையோ தம்பி, அம்மா ஆற்றையோ தங்கச்சி. ஆரும் எங்களைத் தெரியாத இடத்தில நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடி இருப்பியள் எண்டு பாக்கவேணும்." உன் சிநேகிதிகளின் அப்பாக்கள் பென்ஷன் பற்றிக் கதைக்கிறார்கள், நான் இன்னும் லிஃப்ட் குழிக்குள் குதித்து இறங்குகிறவன். இருபத்தொரு வயதில் உன்னைக் கையில் வாங்கியவன். நீயும் நானும் ஒன்றாக வளர்ந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன். தனியச் சந்திக்கவில்லை என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வீடு வந்து சேர முதல் கோபம் போய்விட்டது, ஏனென்றால் எண்ணிப் பார்த்ததில் உன் பக்கம்தான் கணக்குச் சரியாக வந்தது.

பிறகு நான் திட்டமிடத் தொடங்கினேன். என்னைத் தெரியும்தானே. நீ ஒரு பண்ணைவீட்டில் மேல்மாடியை ஐந்து இரவுக்குப் பதிவு செய்திருந்தாய். மிச்சத்தை அப்பா பார்க்கட்டும் என்று விட்டாய். காரில் போவது என்று தீர்மானித்தேன். பாதை, எரிபொருள், ஓய்வு எடுக்கிற இடம் எல்லாம் போட்டேன். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட காரின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும் என்று வாசித்தேன். அதை எல்லையில் வாங்கலாமா, முன்கூட்டியே எடுக்கவேண்டுமா? இணையத்தில் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் எங்கள் ஆட்கள் இணையத்தில் பார்க்கமாட்டோம்; அங்கே இருக்கிற ஆளைக் கேட்போம். நான் சூரிச்சுக்கு, அக்காவின் புருசனுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அந்த ஹைவே ஸ்டிக்கர் போர்டரில வாங்கலாமோ?"

"ஸ்டிக்கரை விடு. எப்ப வாறாய்?"

"இல்லை அத்தான், நாங்கள் இத்தாலிக்குப் போறம். உங்கட பக்கத்தால சும்மா..."

"சும்மாவோ? இந்தா, கொக்கா கேக்கிறா."

அக்கா போனை வாங்கினார். "என்ர வாசலால சும்மா போவியோடா நீ?"

அவ்வளவுதான். அன்று பின்னேரமே பாரிஸிலிருந்து பெரியம்மா அம்மாவுக்குப் போன் எடுத்தார். "சூரிச்சில ரெண்டு நாள் நிக்கிறியளாம். நாங்கள் என்ன, பகையோ?" சூரிச்சில் நிற்பதாக நான் யாருக்கும் சொல்லவே இல்லை. "இஞ்சேருங்கோ, என்ர அக்கா கேக்கிறதும் ஞாயம்தானே. ஒரு இரவுதானே," என்றாள் அம்மா. நானும் ஓம் என்றேன். மூன்று தரம் ஓம் என்றேன், மூன்று பேருக்கு. பிறகு உட்கார்ந்து அதை ஒரு தொழில்நுட்பச் சிக்கல் மாதிரித் தீர்த்தேன். போகும்போது பாரிஸ், பிறகு சூரிச், வரும்போது திரும்பவும் சூரிச், ஏனென்றால் அக்கா வீட்டு டிஷ்வோஷர் ஒழுகுகிறது, அதற்கு ஒரு பகல் வேண்டும். நிறம் நிறமாகக் கட்டம் போட்டு உனக்குக் காட்டினேன். எல்லாரும் திருப்தி, ஒரு மணித்தியாலம் கூட வீணில்லை என்று பெருமைப்பட்டேன். நீ திரையைக் கொஞ்சம் கீழே தள்ளி, கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாய். பள்ளத்தாக்குக்கு ஒரு இரவு மிஞ்சியிருந்தது. நீ சத்தம் போடவில்லை. லப்டொப்பை மெதுவாக மூடிவிட்டு அந்த ஒரு வசனத்தைச் சொல்லி மாடிக்கு ஏறி, சிநேகிதி வீட்டுக்குப் போகப் பையோடு இறங்கினாய்.

நீ சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். நீ அப்படிப் போனதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைக்கொண்டு சொல்கிறேன். ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு தகடு இருக்கும், எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று. அதற்கு மேல் ஏறினால் மணி அடிக்கும். கதவு மூடாது. லிஃப்ட் நகராது. யாராவது இறங்கவேண்டும். நான் எத்தனையோ கட்டிடங்களில் நின்று பார்த்திருக்கிறேன்: கடைசியாக இடித்துக்கொண்டு ஏறின ஆள் இறங்குவதில்லை. அந்த ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூலையில் முதலே வந்து நின்ற, மரியாதை தெரிந்த ஒரு ஆள், பரவாயில்லை, நான் அடுத்ததில் வாறன் என்று விலத்திக்கொண்டு இறங்கும். எங்கள் குடும்பத்தில் தகடும் இல்லை, மணியும் இல்லை. ஏறிக்கொண்டே இருப்போம். அன்றைக்கு நீ மணி அடிக்கவும் இல்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. பேசாமல் இறங்கினாய். அது உன்னுடைய லிஃப்ட், பிள்ளை. நீ கூப்பிட்டு நாங்கள் ஏறின லிஃப்ட்.

இது உடனே விளங்கிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த நாள் நான் அந்தப் பண்ணைவீட்டுக்காரிக்குப் போன் எடுத்தது ஐந்து இரவை ஒன்றாகக் குறைக்கத்தான். நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கதைத்ததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு இரவா? லண்டனிலிருந்து ஒரு இரவுக்கா?" என்றார். "ஏன், பொலிஸ் துரத்துகிறதா?"

இல்லை, சொந்தக்காரர் என்றேன். பாரிஸ், சூரிச், டிஷ்வோஷர் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவ்வளவையும் அந்நிய மனுசிக்குச் சொன்னேன் என்று தெரியாது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே அறைக்குள் யாரிடமோ தங்கள் பாஷையில் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் ஒரு ஆண்குரலும் சிரித்தது. என் காதில் விழுந்த முதல் லடின் அதுதான். என்னைப் பற்றிய பகிடி.

"கோபிக்காதீர்கள்," என்றார். "நீங்கள் படத்தில் பார்த்த வீடுகள் இருக்கின்றனவே, எங்களுக்கு எல்லாருக்கும் ஒரே தண்ணீர்த்தொட்டி, பாண் சுட ஒரே அடுப்பு. அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான். எல்லா வீட்டிலும் என் புருசனின் சொந்தம். நான் வெளியில் கட்டில் விரிப்பைக் காயப்போட்டால் அது எப்போது வாங்கியது என்று மாமியாருக்குத் தெரியும். மாடுகள் மேல் புல்வெளியிலிருந்து இறங்கி, விருந்தாளிகளும் போன பிறகு நாங்கள் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவோம். சப்பட்டையான இடம். பார்க்க ஒன்றும் இல்லை. எங்களை ஒருவருக்கும் தெரியாது. அருமையாக இருக்கும்."

"மாமியார் ஒன்றும் சொல்லமாட்டாரா?"

"போக முதல் ஒரு கிழமை கதைக்கமாட்டார்."

"பிறகு?"

"பிறகு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்."

எனக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. ஆனால் ஒரு பெரிய பாரத்தை அவர் சும்மா பக்கத்தில் நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது. நீ அந்த ஊரைத் தெரிந்தெடுத்தது அங்கே சொந்தம் என்கிற தொல்லை இல்லை என்பதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எங்களை விட மோசம்! ஒரே தொட்டியில் தண்ணீர் அள்ளுகிற சனம். அவர்கள் தங்கள் பாஷையையும் விடவில்லை, மாமியாரையும் விடவில்லை. ஆனால் வருடத்தில் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் பிள்ளைகளோடு போகிறார்கள், அதனால் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"அப்போ ஒரு இரவாக மாற்றட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். ஐந்தும் இருக்கட்டும்," என்றேன். பிறகு அம்மாவின் நினைவு வந்து, அங்கே மீன்குழம்பு வைக்கலாமா, மணக்குமே என்று கேட்டேன். "ஜன்னலைத் திறவுங்கள். மலையில் மணம் தங்காது," என்றார். "நீங்கள் திறக்கத் தேவையும் இல்லை. அந்த ஜன்னலின் கொளுவி தளர்வு. காற்றடித்தால் தானே திறக்கும்."

அடுத்தது அக்கா. அதைத் தள்ளிப்போட்டேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் எதையும் தள்ளிப்போடாதவன். கடைசியில் வேலை இடத்தில், சாப்பாட்டு நேரம், ஒரு கட்டிடத்தின் உச்சியில் மெசின் அறைக்குள் நின்று போன் எடுத்தேன்.

"அக்கா, செப்டெம்பரில உங்கட பக்கம் வரேல்லை. மியூனிக்குக்குப் பிளேனில போய், அங்கயிருந்து ரயில் எடுக்கிறம்."

"மியூனிக்கில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பாரிஸ் ஆக்களிட்டையும் போகேல்லையோ?"

"இல்லை."

"ஏன்ரா, நான் என்ன செய்தனான்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை அக்கா. பிள்ளை எங்களோட தனிய இருக்கவேணுமாம்."

"தனியவோ? அவளுக்கு வருத்தம் கிருத்தம் ஏதுமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஆரையும் விரும்புறாளோ? அதைச் சொல்லத்தான் கூட்டிக்கொண்டு போறாளோ?"

"இல்லை. எங்களைத்தான் விரும்புறாளாம்."

எனக்குப் பக்கத்தில் மோட்டர் ஓடி நின்றது, திரும்ப ஓடியது. கீழே யாரோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"டிஷ்வோஷர்?" என்று கேட்டார்.

"ஆளைக் கூப்பிடுங்கோ அக்கா."

"ஓம். நீங்கள் பெரியாக்கள்," என்றுவிட்டு வைத்தார்.

பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்ட மனுசி. அந்த "நீங்கள்" எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று உனக்கு விளங்கும். பின்னேரம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு திருகாணியைக் குழிக்குள் போட்டுவிட்டு அதைத் தேடினேன். குரோய்டனில் எனக்கும் சேர்த்துப் பதில் சொன்ன ஆளுக்கு நான் இல்லை என்று சொன்னேன். அது சரி என்று நினைக்கிறேன். சரி என்பதால் நோகாமல் இருக்கும் என்றில்லை. உனக்கு வேறு அறிவுரை தராவிட்டாலும் இதைத் தருகிறேன்: இல்லை என்று சொல்லவேண்டிய ஆளிடம் நேரே சொல். சாட்டுச் சொல்லாதே. லீவு கிடைக்கேல்லை, ரிக்கெற் கிடைக்கேல்லை என்று நானும் சொல்லியிருக்கலாம், அக்கா நம்பியிருப்பார். ஆனால் அடுத்த வருடம் இன்னொரு சாட்டு வேண்டிவரும். நேரே சொன்னால் ஒருமுறைதான் நோகும், இரண்டு பேருக்கும்.

கிளாஸ்கோவில் நீ போய் இறங்கி ஒரு கிழமைக்குள் யாராவது உன்னைக் கண்டுபிடிப்பார்கள். அம்மாவின் மச்சாளுக்கு மச்சாள் ஒருவர் அங்கே எங்கோ இருக்கிறாராம். பெயர்கூட எனக்குத் தெரியாது, உன் நம்பர் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். கூப்பிட்டால் போ. சாப்பிடு. சமைக்கத் தெரியாது என்று சொல், அது உண்மையும்கூட. உனக்குக் காய்ச்சல் வந்தால் நான் வந்து சேர ஒரு நாள் போகும், அவர் ரசத்தோடு அரை மணித்தியாலத்தில் வந்து நிற்பார். அந்த ரசத்தை எளிதாக நினைக்காதே. நான் அதில் வளர்ந்தவன். ஆனால் உன் கதவுக்கும் ஒரு தகடு போட்டுக்கொள். எத்தனை பேர் என்பதை நீயே எழுது. கூட ஏறினால் மணி அடி, நல்ல சத்தமாக அடி. பேசாமல் இறங்கிப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. எங்களிடமும்தான்.

இன்னொன்று. அங்கே பாண் வாங்க உனக்குத் தமிழ் தேவைப்படாது. எந்த அலுவலுக்கும் தேவைப்படாது. எனக்கு அதில் ஒரு தீர்வும் இல்லை. எங்களுக்கு அப்படி ஒரு பள்ளத்தாக்கு லண்டனில் இல்லை. ஆனால் வேலை முடிந்து வரும்போது, களைப்பாக இருக்கு, காலுறை நனைஞ்சுபோச்சு, மனேஜர் ஒரு விசரன் என்று சொல்ல யாராவது வேண்டும். எனக்குப் போன் எடு. எந்தப் பாஷையில் வருகிறதோ அதில் சொல். தமிழில் வந்தால் நான் கைதட்டமாட்டேன். திருத்தவும் மாட்டேன். மனேஜருக்கு என்ன பிரச்சினை என்று மட்டும் கேட்பேன்.

இப்போதைய நிலவரம்: விமானத்தில் மூன்று இருக்கை எடுத்திருக்கிறேன், ஜன்னலோரம் உன் பெயரில். மியூனிக்கிலிருந்து ரயில், நடுவில் மாறவேண்டும். பிறகு பஸ், பள்ளத்தாக்குக்குள். அம்மா ஷிப்டை மாற்றிவிட்டாள். மலையில் நடக்கவென்று சப்பாத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு இப்போது வீட்டுக்குள் நடந்து பழகுகிறாள். மாடிப்படியில் இராணுவம் இறங்குகிற சத்தம். "அங்க போய் நாங்கள் என்ன கதைக்கிறது?" என்று நேற்றுக் கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். கழற்ற மெசின் இல்லாத வீட்டில் நான் என் கையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறேன். நீ பார்க்க விரும்பிய இரண்டு பேர் பார்க்கும்படியாக இருப்பார்களோ தெரியாது. ஆனால் வருகிறோம்.

நீ வராவிட்டாலும் நாங்கள் போவோம். அதை மிரட்டலாக எடுக்காதே, அந்த ஐந்து இரவும் இனி ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பாரிஸுக்கும் இல்லை.

அக்கா என்னோடு இன்னும் கதைக்கவில்லை. ஆனால் இன்று காலை அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது, எனக்கல்ல, அம்மாவுக்கு: "அங்க அரிசி கிடைக்குமோ?" அம்மா அதை எனக்குக் காட்டினாள். நான் அந்தப் பண்ணைவீட்டுக்காரியின் மாமியாரை நினைத்துக்கொண்டேன்.

என் டூல்ஸ் பை இந்தமுறை வரவில்லை. அதை மாடிப்படிக்குக் கீழே, பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த ஜன்னல் கொளுவி இரண்டு நிமிட வேலை. அது எனக்கு இப்போதே கையில் அரிக்கிறது. இருந்தாலும் நான் தொடமாட்டேன். இரவில் காற்றடித்தால் அது திறக்கும். அறை குளிரும். ஒருவர் எழும்பிப் போய்ச் சாத்தவேண்டும். திரும்பவும் திறக்கும். இரண்டு பேர் என்றால் யார் எழும்புவது என்று அம்மாவும் நானும் அடிபடுவோம். மூன்று பேர் என்றால் முறை வைத்துக்கொள்ளலாம்.

அப்பா